வீட்டிலேயே தோட்டா தயாரிக்கும் அமெரிக்கர்கள்: ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கியிருக்கும் ஆபத்து!

உக்ரைனில் பீரங்கிகள் முழங்கினால், அமெரிக்காவில் வார இறுதியில் குறிபார்த்துச் சுடப் போகிறவரின் செலவு ஏறுமா? ஏறியது. 2023 நவம்பரில், ஃபெடரல், சி.சி.ஐ, ரெமிங்டன் ஆகிய தோட்டா பிராண்டுகளை அப்போது வைத்திருந்த விஸ்டா அவுட்டோர் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. உலக அளவில் துப்பாக்கி மருந்துக்குத் தட்டுப்பாடு வரப்போகிறது, அதனால் விலையை ஏற்றுகிறோம் என்பதுதான் அதன் சாரம்.

இப்படித் தட்டுப்பாடு வரும்போதெல்லாம் அமெரிக்காவில் அதிகம் அடிபடும் சொல் 'ரீலோடிங்'. சுட்டு முடித்த தோட்டாவின் காலி உறையை எடுத்து, வீட்டு கராஜில் வைத்தே அதைப் புதுத் தோட்டாவாக மாற்றுவது. கேட்பதற்கு ஏதோ திரைமறைவு வேலை மாதிரி இருக்கும். ஆனால் அங்கே இது பல தலைமுறைகளாக நடந்துவரும் சட்டபூர்வமான பொழுதுபோக்கு.

இந்த வேலையின் கடைசிக் கட்டத்தில் வருவது 'சீட்டிங் டை' என்ற சின்ன எஃகுக் கருவி. அது தோட்டாவின் குண்டை எவ்வளவு ஆழத்தில் உட்கார வைக்கிறது என்பதைப் பொறுத்தே துப்பாக்கிக்குள் உருவாகும் அழுத்தம் மாறும். இடையில் இருப்பது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வித்தியாசம். அது எப்படி? விரிவாகப் பார்ப்போம்.

தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது?

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பேச்சுவழக்கில் முழுத் தோட்டாவையும் 'புல்லட்' என்றுதான் சொல்கிறோம். உண்மையில் புல்லட் என்பது தோட்டாவின் முனையில் இருக்கும் குண்டு மட்டுமே. முழுத் தோட்டாவில் 4 பாகங்கள் உண்டு.

• கேஸ்: பெரும்பாலும் பித்தளையால் ஆன உறை. மற்ற மூன்றையும் தாங்கிப் பிடிப்பது இதுதான்.

• பிரைமர்: கேஸின் அடியில் இருக்கும் சின்ன மூடி போன்ற பாகம். துப்பாக்கியின் ஊசி இதைத் தட்டும்போது தீப்பொறி கிளம்பும்.

• பவுடர்: புகையில்லா வெடிமருந்து. பற்றியெரிந்து வாயுவாக மாறும்.

• குண்டு: அந்த வாயுவின் அழுத்தத்தால் குழாய் வழியாகப் பறந்து செல்வது.

சுட்ட பிறகு பிரைமரும் பவுடரும் எரிந்து தீர்ந்துவிடும், குண்டு போய்விடும். மிச்சம் இருப்பது பித்தளை கேஸ் மட்டும்தான். நான்கில் பொதுவாக விலை அதிகமான பாகமும் அதுதான். அதைத் தூக்கிப் போடாமல் மறுபடியும் பயன்படுத்தினால் செலவு குறையும் என்பதுதான் ரீலோடிங்கின் அடிப்படைக் கணக்கு.

ரீலோடிங்கில் என்னென்ன நடக்கும்?

மேசையில் பொருத்திய கைப்பிடி வைத்த ஒரு பிரஸ், அதில் திருகி மாட்டும் சில டைகள். முக்கியமான கருவிகள் இவைதான். ஒவ்வொரு டைக்கும் ஒரு வேலை.

முதல் டை, சுட்டபோது உப்பிப்போன கேஸை நசுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவரும். பழைய பிரைமரையும் வெளியே தள்ளும். அடுத்து புது பிரைமர் பொருத்தப்படும். பிறகு நுண்ணிய தராசில் எடை பார்த்த பவுடர் உள்ளே போகும். கடைசியாக குண்டை கேஸின் வாயில் வைத்து உள்ளே அழுத்த வேண்டும். அங்கேதான் சீட்டிங் டை வருகிறது.

சீட்டிங் டை எப்படி வேலை செய்கிறது?

கட்டைவிரல் நீளத்தில், உள்ளே குடையப்பட்ட ஓர் எஃகு உருளையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வெளிப்பக்கம் முழுக்க மரை. பெரும்பாலான டைகளுக்கு ஒரே அளவு மரைதான்: 7/8 அங்குல விட்டம், ஒரு அங்குலத்துக்கு 14 சுற்று. அதனால் ஒரு கம்பெனியின் டையை இன்னொரு கம்பெனியின் பிரஸ்ஸில் மாட்டலாம்.

டையின் உட்புறம் தோட்டாவின் வடிவத்துக்கு ஏற்பக் குடையப்பட்டிருக்கும். மேலே இருந்து ஒரு தண்டு உள்ளே தொங்கும். இதன் பெயர் சீட்டிங் ஸ்டெம். கைப்பிடியை இழுத்தால் பிரஸ்ஸின் அடித்தண்டு மேலே ஏறும். அதன்மேல் நிற்கும் கேஸ், வாயில் வைத்த குண்டோடு சேர்ந்து டைக்குள் நுழையும். கேஸ் மேலே ஏறிக்கொண்டே இருக்க, ஸ்டெம் அசையாமல் நிற்கும். நடுவில் மாட்டிய குண்டுக்குப் போக வேறு வழியில்லை, கேஸுக்குள் இறங்கும். அவ்ளோதான்.

ஸ்டெம்மைக் கீழே திருகினால் குண்டு ஆழமாக இறங்கும். மேலே திருகினால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஆக, இந்தக் கருவியின் மொத்த வேலையே ஆழத்தை முடிவு செய்வதுதான்.

விலை கூடின டைகளில் இந்த ஸ்டெம்மின் தலையில் அளவுக்கோடுகள் இருக்கும். பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில் பார்த்த திருகு அளவி நினைவிருக்கிறதா? அதே தத்துவம்தான். தலையைத் திருப்பினால் ஒரு கோட்டுக்கு ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.0254 மி.மீ நகரும். தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. ஃபார்ஸ்டர், ரெடிங் போன்ற நிறுவனங்களின் டைகளில் இன்னொரு வசதியும் உண்டு. உள்ளே ஸ்பிரிங்கோடு ஒரு ஸ்லீவ் இருக்கும். அது கேஸையும் குண்டையும் நேர்கோட்டில் பிடித்த பிறகுதான் ஸ்டெம் அழுத்தத் தொடங்கும். குண்டு கோணலாக உட்காராமல் இருக்க இந்த ஏற்பாடு.

உள்ளே போன குண்டை எது பிடித்து வைத்திருக்கும்? பசை எதுவும் கிடையாது. கேஸின் கழுத்து, குண்டின் விட்டத்தைவிடக் கொஞ்சூண்டு சின்னதாக இருக்கும். குண்டு நுழையும்போது பித்தளை விரிந்து, பிறகு ரப்பர் பேண்ட் மாதிரி இறுக்கிப் பிடிக்கும். இந்தப் பிடிமானம் தளர்ந்தால், டை எவ்வளவு துல்லியமாக வேலை செய்திருந்தாலும் பயனில்லை.

ஒரு மில்லிமீட்டரில் என்ன ஆகிவிடும்?

குண்டு ஆழமாக இறங்க இறங்க, கேஸுக்குள் பவுடர் எரிவதற்கான இடம் குறையும். அதே அளவு பவுடர், குறைவான இடம் என்றால் அழுத்தம் கூடும். இதில் கவனிக்க வேண்டிய விஷயம், அழுத்தம் ஒரே சீராகக் கூடாது என்பது. புகையில்லா பவுடர், அழுத்தம் அதிகமானால் இன்னும் வேகமாக எரியும். வேகமாக எரிந்தால் அழுத்தம் மேலும் கூடும். ஒன்றை ஒன்று தூண்டிவிடும் சங்கிலி இது.

எண்களில் பார்க்கலாம். அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்களின் தர நிர்ணய அமைப்பான 'சாமி' 1926-ல் தொடங்கப்பட்டது. 9 எம்.எம் தோட்டாவுக்கு அது வைத்திருக்கும் அழுத்த உச்சவரம்பு, ஒரு சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. நம்ம வீட்டு குக்கர் விசில் அடிப்பது சுமார் 15 பவுண்டில். அதாவது குக்கரைப் போல 2,000 மடங்குக்கும் மேல். இவ்வளவும் கையில் பிடித்திருக்கும் ஒரு பிஸ்டலுக்குள், கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவான நேரத்தில் நடக்கிறது.

ஸ்பியர் நிறுவனத்தின் ரீலோடிங் கையேடு ஒரு சோதனையைக் குறிப்பிடுகிறது. ஒரு 9 எம்.எம் தோட்டாவில் பதிவான அழுத்தம், சி.யூ.பி என்ற அளவீட்டில் 28,000. அதே தோட்டாவில் குண்டை 0.030 அங்குலம் மட்டும் கூடுதல் ஆழத்தில் வேண்டுமென்றே உட்கார வைத்தபோது, அது 62,000 ஆனது. 0.030 அங்குலம் என்பது 0.76 மி.மீ. பவுடரின் அளவு மாறவில்லை, குண்டும் மாறவில்லை. அழுத்தம் மட்டும் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. இப்படி வரம்பு மீறினால் கேஸ் கிழியலாம், துப்பாக்கி உடையலாம், சுடுபவரின் கையும் கண்ணும் போகலாம்.

9 எம்.எம்-ல் இது ஏன் இவ்வளவு தீவிரம்? அந்த கேஸின் நீளமே 19.15 மி.மீ தான். உள்ளே இருப்பது கொஞ்சம் இடம். அதில் முக்கால் மில்லிமீட்டர் போவது பெரிய பங்கு. ரைஃபிளில் பயன்படும் .308 வின்செஸ்டர் கேஸின் நீளம் 51.18 மி.மீ. உட்புறமும் பெரிது என்பதால் அதே முக்கால் மில்லிமீட்டர் அங்கே சின்னப் பங்குதான்.

அதற்காக ரைஃபிளில் ஆபத்தே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. அங்கே எதிர்ப்பக்கத்தில் இருந்து பிரச்னை வரும். குண்டு ரொம்ப வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், தோட்டாவை உள்ளே ஏற்றியதுமே அதன் முனை குழாயின் உட்புற வரிகளில் போய் முட்டி நிற்கும். சுடும்போது குண்டு சின்ன ஓட்டம் எடுத்து அந்த வரிகளுக்குள் நுழைவதற்குப் பதிலாக, நின்ற இடத்தில் இருந்தே திமிறிக்கொண்டு போக வேண்டும். அதனாலும் அழுத்தம் கூடும். சுடாமல் தோட்டாவை வெளியே எடுத்தால் குண்டு குழாயில் மாட்டிக்கொண்டு பவுடர் கொட்டிப்போவதும் உண்டு.

குண்டுக்கும் அந்த வரிகளுக்கும் இடையிலான தூரத்தைப் போட்டிகளில் சுடுபவர்கள் 'ஜம்ப்' என்பார்கள். இலக்கில் குண்டுகள் எவ்வளவு நெருக்கமாகப் பாய்கின்றன என்பதை இந்தத் தூரமும் தீர்மானிக்கிறது. மைக்ரோமீட்டர் வைத்த டைகளுக்குக் காசை அள்ளிக் கொடுப்பது பெரும்பாலும் இவர்கள்தான்.

தவறு எங்கே நடக்கிறது?

• ஸ்டெம் பொருத்தம்: குண்டின் மூக்கு கூர்மையாகவும் இருக்கும், தட்டையாகவும் இருக்கும். ஸ்டெம்மின் குழி அதற்குப் பொருந்தாவிட்டால் குண்டு நசுங்கும் அல்லது ஆழம் தோட்டாவுக்குத் தோட்டா மாறும்.

• முனையில் இருந்து அளப்பது: ஒரே பெட்டியில் வந்த குண்டுகளின் முனைகளே நுணுக்கமாக வேறுபடும். அதனால் துல்லியம் தேவைப்படுபவர்கள் மொத்த நீளத்தை மட்டும் நம்புவதில்லை. குண்டின் வளைந்த பகுதியில் ஒரு குறிப்பிட்ட விட்டம் வரும் இடம் வரை அளக்கும் தனிக் கருவியை காலிப்பரில் மாட்டி அளப்பார்கள்.

• இரண்டு வேலையை ஒன்றாகச் செய்வது: பல சீட்டிங் டைகளில் கேஸின் வாயை உட்பக்கமாக மடித்து குண்டை இறுக்கும் 'கிரிம்ப்' வசதியும் இருக்கும். குண்டு இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும்போதே வாய் மடங்கத் தொடங்கினால் குண்டின் பக்கம் சீவப்படும் அல்லது கேஸ் பிதுங்கும். அதனால் இரண்டையும் தனித்தனி டையில் செய்பவர்கள் அதிகம்.

• பிறகு நகர்வது: டையில் சரியாக உட்கார்ந்த குண்டு, கழுத்தின் பிடி தளர்வாக இருந்தால் பின்னாளில் உள்ளே தள்ளப்படலாம். ஒரே தோட்டாவைப் பிஸ்டலில் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கும்போது குண்டின் மூக்கு மோதி இது நடக்கும். தொழிற்சாலைத் தோட்டாவிலும் இந்த ஆபத்து உண்டு.

தொழிற்சாலை என்றால் அழுத்தத்தைச் சோதிக்கும் குழாய்கள், நீளம் பார்க்கும் கருவிகள், தவறியதை ஒதுக்கும் ஆட்கள், தவறு வெளியே போனால் திரும்பப் பெறும் நடைமுறை எல்லாம் இருக்கும். கராஜில் அப்படி எதுவும் இல்லை. அழுத்தத்தை அளக்கும் கருவி வீடுகளில் பொதுவாகக் கிடையாது. அழுத்தம் சரியாக இருக்கும் என்று நம்புவதற்கு இருக்கும் ஆதாரங்கள் இரண்டு: அச்சிட்ட கையேடு, அதில் சொன்ன அளவை அப்படியே பின்பற்றியதை உறுதிசெய்யும் காலிப்பர். கையேட்டில் பவுடரின் எடைக்குப் பக்கத்திலேயே தோட்டாவின் நீளத்தையும் அச்சிடுவது அதனால்தான். ஒன்றை மாற்றினால் மற்றொன்றும் செல்லாது.

இவ்வளவு ரிஸ்க் எடுத்து ஏன் செய்கிறார்கள்?

செலவு ஒரு காரணம், துல்லியம் இன்னொரு காரணம். தட்டுப்பாடு மூன்றாவது. இந்தத் துறையின் பெரிய பெயர்களில் ஒன்றான ஆர்.சி.பி.எஸ் பிறந்ததே தட்டுப்பாட்டில்தான். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் வேட்டைக்காரர்களுக்குக் குண்டு கிடைப்பது கஷ்டம். 1943-ல் கலிஃபோர்னியாவின் ஓரோவில் நகரில் ஃபிரெட் ஹண்டிங்டன் என்பவர், சுட்டு முடித்த .22 கேஸ்களையே குண்டின் மேலுறையாக மாற்றும் டைகளைச் செய்தார். அதுதான் நிறுவனமாக வளர்ந்தது.

2020-ல் வரலாறு திரும்பியது. கொரோனா, போராட்டங்கள், தேர்தல் என்று அமெரிக்கா கொந்தளித்த ஆண்டு அது. துப்பாக்கி வாங்குவது தொடர்பாக எஃப்.பி.ஐ அமைப்பு வழியாக நடக்கும் பின்னணிச் சோதனைகள் 2019-ல் சுமார் 2.84 கோடி. 2020-ல் அது சுமார் 3.97 கோடி. கடைகளில் தோட்டா அலமாரிகள் காலியாகின. ரீலோடிங் செய்யலாம் என்று போனவர்களுக்கு அடுத்த அதிர்ச்சி, பிரைமரும் கிடைக்கவில்லை. கேஸை மறுபடி பயன்படுத்தலாம், டை பல காலம் உழைக்கும். ஆனால் பிரைமரையும் பவுடரையும் வீட்டில் செய்ய முடியாது. தொழிற்சாலைச் சங்கிலியில் இருந்து விடுபடுவதாக நினைக்கும் ரீலோடர், கடைசியில் அதே சங்கிலியில்தான் நிற்கிறார்.

அந்தச் சங்கிலி இப்போது இன்னும் குறுகியிருக்கிறது. பரவலாக அறியப்பட்ட அமெரிக்க பிரைமர் பிராண்டுகள் நான்கு: சி.சி.ஐ, ஃபெடரல், ரெமிங்டன், வின்செஸ்டர். இதில் முதல் மூன்றும் 2024 நவம்பரில் 222.5 கோடி டாலருக்கு செக் குடியரசின் சி.எஸ்.ஜி குழுமத்திடம் போய்விட்டன. ஐரோப்பாவின் பெரிய பீரங்கிக் குண்டு உற்பத்தியாளர்களில் ஒன்று அது.

பவுடரின் கதையும் போரோடு பின்னியது. புகையில்லா பவுடரின் மூலப்பொருள் நைட்ரோசெல்லுலோஸ். பருத்தி விதையில் ஒட்டியிருக்கும் குட்டை இழைகளில் இருந்து இது தயாராகிறது. பீரங்கிக் குண்டைத் தள்ளும் மருந்துக்கும் இதுவே வேண்டும். இந்த இழைகளுக்கு ஐரோப்பிய ஆலைகள் சீனாவை அதிகம் சார்ந்திருக்கின்றன. ராணுவங்கள் வரிசையில் நிற்கும்போது வேட்டைக்காரரின் முறை கடைசியில்தான் வரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்க மத்திய சட்டப்படி, தோட்டா தயாரித்து விற்க லைசென்ஸ் வேண்டும். சொந்தப் பயன்பாட்டுக்கு ரீலோடிங் செய்ய வேண்டியதில்லை. அதே சமயம், தோட்டா வைத்திருக்கத் தடைசெய்யப்பட்ட குற்றவாளிகள் விஷயத்தில் கேஸ், பிரைமர், குண்டு, பவுடர் ஒவ்வொன்றையுமே 'தோட்டா' என்று மத்திய சட்டம் கணக்கில் எடுக்கிறது.

மாநிலங்களில் வரையறை மாறும். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் தோட்டா வாங்கவே பின்னணிச் சோதனை என்ற விதி நடைமுறைக்கு வந்தது. நீதிமன்றங்களில் அது சவாலைச் சந்தித்து வருகிறது. ஆனால் அந்த விதி தோட்டா என்று சொல்வது நான்கு பாகங்களும் சேர்ந்த முழுத் தோட்டாவை. தனித்தனிப் பாகங்கள் அந்த வரையறைக்குள் வருவதில்லை. ஆக, சட்டத்தின் கண்ணில் உதிரிப் பாகங்களைத் தோட்டாவாக மாற்றும் அந்தக் கடைசி அழுத்தத்தைக் கொடுப்பதும் சீட்டிங் டைதான்.

இந்தக் கருவிகள் தடயமும் விடும். 2017 அக்டோபர் 1-ல் லாஸ் வேகஸ் இசை நிகழ்ச்சியில் நடந்த துப்பாக்கிச் சூட்டின் விளைவாக 60 பேர் இறந்தனர். கொலையாளியின் அறையில் கிடைத்த சுடப்படாத சில தோட்டாக்களில், அரிசோனாவைச் சேர்ந்த ஒரு ரீலோடரின் கைரேகைகளும், அவருடைய ரீலோடிங் கருவிகளோடு ஒத்துப்போகும் தடங்களும் இருந்ததாக வழக்கில் சொல்லப்பட்டது. தாக்குதலில் பங்கு இருந்ததாக அவர்மீது குற்றச்சாட்டு இல்லை. லைசென்ஸ் இல்லாமல் கவசம் துளைக்கும் தோட்டாக்களைத் தயாரித்ததாக ஒப்புக்கொண்டு, 2020-ல் 13 மாதச் சிறைத் தண்டனை பெற்றார்.

இந்தியாவில்?

இங்கே நிலைமை முற்றிலும் வேறு. 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவுப்படி, லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிக்க முடியாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, இதை மீறினால் குறைந்தது 7 ஆண்டுகள், அதிகபட்சம் ஆயுள் தண்டனை. அந்தச் சட்டம் 'தோட்டா' என்ற வரையறைக்குள் தோட்டாவின் பாகங்களை மட்டுமல்ல, அதைத் தயாரிக்கும் இயந்திரங்களையும் சேர்த்திருக்கிறது. அமெரிக்காவில் ஆன்லைனில் ஆர்டர் போட்டு வாங்கும் பிரஸ்ஸும் டையும் இங்கே அந்த வரையறையின் எல்லைக்குள் வந்து நிற்கும். யூடியூப் வீடியோ பார்த்து ஆசைப்படுபவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

அப்படியென்றால் ஒலிம்பிக்கில் பதக்கம் வெல்லும் நம் வீரர்கள்? 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் ரைஃபிள் போட்டியில் பயன்படுவது .22 ரிம்ஃபயர் தோட்டா. அதில் பிரைமர் மருந்து தனிப் பாகமாக இல்லாமல், கேஸின் அடி விளிம்புக்குள்ளேயே பூசப்பட்டிருக்கும். சுடும்போது அந்த விளிம்பு நசுங்கிவிடும். அதனால் அது நடைமுறையில் ரீலோடிங்குக்கே ஒத்துவராது. தொழிற்சாலையில் இருந்து வரும் தோட்டாவைத்தான் நம்பியாக வேண்டும்.

ஆக, என்ன புரிந்துகொள்ளலாம்?

தோட்டா என்பது கடையில் கிடைக்கும் சாதாரணப் பொருள் மாதிரி தெரிந்தாலும், அதன் பாதுகாப்பு, கேஸுக்குள் மிச்சம் விடப்படும் சின்ன வெற்றிடத்தில் இருக்கிறது. அந்த வெற்றிடத்தை அளந்து விடுவது சீட்டிங் டை. டையைத் திருகுவது ஒரு மனிதக் கை. கை தவறினால் எச்சரிக்க விசில் எதுவும் அடிக்காது, அடுத்த முறை சுடும்போதுதான் தெரியும்.

அடுத்த தட்டுப்பாடு வரும்போது புதிதாக இன்னும் பலர் பிரஸ் வாங்குவார்கள். விலையேற்றம் அவர்களை கராஜுக்குள் தள்ளும். அனுபவமும் பொறுமையும் அவர்களுடன் சேர்ந்து டெலிவரி ஆகாது. தோட்டா விலை ஏறும்போது அமெரிக்கா கவனிக்க வேண்டியது, தொழிற்சாலையில் நடந்த எத்தனை சோதனைகள் ஒரு காலிப்பரை நம்பிக் கைமாறுகின்றன என்பதையும்தான்.